வேரோடு களைதலும் உருவை மீட்டலும்: சத்திரசிகிச்சை மேதை அஸ்ஸஹ்ராவி

சருமப் புற்றுநோய் என்பது வெள்ளைத் தோலினருக்கே உரிய நோய் என்றதோர் எண்ணம் எம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எமது தோலுக்குக் கருமை தரும் நிறப்பொருள் சூரியனின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவில் தடுத்து நிறுத்துகிறது. எனினும் அது முற்றான காவல் அன்று. கண்ணிமையிலும் மூக்கின் ஓரத்திலும் தோன்றி மெல்ல மெல்ல அரித்துச் செல்லும் அடிக்கலப் புற்று, பழைய தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் எழும் செதிட்கலப் புற்று, வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் கரும்புள்ளியாய்த் தலைகாட்டும் மெலனோமா ஆகிய மூன்றுமே எமது மக்களையும் தாக்குகின்றன.

கண்டி மாநகரைச் சூழ்ந்த ஊர்களை எண்ணிப் பார்ப்போம். கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைத் தோட்டங்களில் காலிலே புண்ணுடன் மலையேறும் தொழிலாளிக்கு வைத்தியசாலைக்குச் செல்வதென்றால் அன்றைய சம்பளம் இல்லை. அக்குறணையிலோ மடவளையிலோ முகத்தில் ஆறாத புண்ணுள்ள ஒரு தாய், அந்நியர் முன்னிலையில் முகத்தைக் காட்டுவதற்குக் கூசி, களிம்பு பூசிக் காலம் கடத்துகிறார். இவ்விருவரையும் தடுத்து நிறுத்தும் அச்சம் ஒன்றே. கத்தி வைத்தால் நோய் பரவிவிடும் என்பது அந்த அச்சத்தின் ஒரு பாதி. கத்தி வைத்த பின் முகம் முகமாக இராது என்பது மறு பாதி. இவ்விரண்டு அச்சங்களையும் இற்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நேர்நின்று ஆராய்ந்தவர் ஒருவர் இருந்தார். அவரது வாழ்வை இங்கு நினைவுகூர்வது வெறும் பழம்பெருமைக்காக அன்று.

அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி என்பது அவரது பெயர். ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியில், அக்காலத்தில் அந்தலூஸ் என வழங்கிய முஸ்லிம் ஆட்சிப் பிரதேசத்தில், கி.பி. 936ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான், தலைநகர் குர்துபாவுக்கு மேற்கே மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரை எழுப்பத் தொடங்கியதும் அதே ஆண்டளவில்தான். அந்நகரின் பெயரே அஸ்ஸஹ்ராவி என அவரது பெயருடன் ஒட்டிக்கொண்டது. மதீனாவின் அன்ஸாரிகளின் வழிவந்த குடும்பத்தவர் என்பதால் அன்ஸாரி என்ற அடைமொழியும் அவருக்குண்டு. அந்தலூஸை விட்டு அவர் வெளியே பயணம் செய்ததாகச் செய்தியில்லை. பிறந்த மண்ணிலேயே கற்று, அங்கேயே சிகிச்சையளித்து, அங்கேயே மாணவரைப் பயிற்றுவித்து, ஏறத்தாழ ஐந்து தசாப்தங்களை வைத்தியத் தொழிலிலேயே கழித்தார். நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த கலீபா இரண்டாம் அல்ஹகமின் அவையில் அவர் வைத்தியராகப் பணியாற்றினார் என்று கூறப்படுகிறது.

அவர் கற்ற கல்வி ஒரே இனத்தாரின் உடைமை அன்று. கிரேக்கரின் வைத்திய நூல்கள் பக்தாதில் அரபு மொழிக்கு வந்திருந்தன. அவற்றுடன் இந்தியாவின் சுஸ்ருத சம்ஹிதையும் அப்பாஸியர் காலத்திலேயே அரபியில் பெயர்க்கப்பட்டிருந்தது. அறிவு எத்திசையிலிருந்து வந்தாலும் வரவேற்ற ஒரு நாகரிகத்தின் மடியிலேயே அஸ்ஸஹ்ராவி வளர்ந்தார். அரபு வைத்தியத்துக்கும் இந்திய வைத்தியத்துக்கும் இடையே அன்று மதில் எதுவும் இருக்கவில்லை. எமது கண்டி இராச்சியத்திலும் சிங்கள மன்னருக்கு மருந்து கொடுத்த அரண்மனை வைத்தியர்களுள் கோபால வம்சத்து முஸ்லிம்கள் இடம்பெற்றிருந்தனர் என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

தமது அனுபவம் அனைத்தையும் அவர் கிதாபுத் தஸ்ரீஃப் என்ற பெருநூலாகத் தொகுத்தார். முப்பது பாகங்களைக் கொண்ட அந்நூல் கி.பி. 1000ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. மருந்துகள், நோய்க்குறிகள், உணவு எனப் பலவற்றையும் கூறிச் சென்று, இறுதியான முப்பதாம் பாகத்தை அவர் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கினார். அப்பாகம் மூன்று பிரிவுகளாக அமைந்தது. முதலாவது சூடிடுதல், இரண்டாவது வெட்டுதலும் தைத்தலும், மூன்றாவது எலும்பு முறிவும் மூட்டு விலகலும். ஏறத்தாழ இருநூறு கருவிகளின் உருவங்களை வரைந்து, எது எதற்குப் பயன்படும் என்பதையும் அவர் விளக்கினார். நூலைப் படிக்கும் மாணவன், கொல்லனிடம் சென்று அக்கருவியைச் செய்விக்கக்கூடிய வகையில் அப்படங்கள் அமைந்தன. குடலினின்று எடுத்த இழையால் உட்காயங்களைத் தைக்கும் முறையையும், குருதிப்போக்கு நில்லாத பரம்பரை நோயைப் பற்றிய அவதானத்தையும் அந்நூலிலே காணலாம்.

சத்திரசிகிச்சையை ஏன் இறுதியில் வைத்தார் என்பதற்கு அவரே காரணமும் கூறியிருக்கிறார். தமது நாட்டில் அக்கலை ஏறக்குறைய அழிந்துபோயிற்று என்றும், உடற்கூற்றை அறியாதவர்கள் கத்தியைக் கையில் எடுத்ததே அதற்குக் காரணம் என்றும் அவர் வருந்தினார். தாம் கண்ட அவலங்கள் சிலவற்றை முன்னுரையிலேயே மாணவர்க்கு எடுத்துரைத்தார். கழுத்திலிருந்த கட்டியை அறுக்கப் போய் நாடியை வெட்டி ஒரு பெண்ணின் உயிரைப் போக்கியவன் ஒருவன். முதியவர் ஒருவரின் மூத்திரப்பையிலிருந்து பெருங்கல்லை எடுக்கப்போய் அவரை மரணத்துக்கு இட்டுச் சென்றவன் இன்னொருவன். புற்றுக்கட்டி ஒன்றைக் கீறிவிட்டு, சில நாட்களில் அது புண்ணாகிப் பெரும் துன்பமாக மாறுவதற்கு வழிவகுத்த மற்றொருவனையும் அவர் கண்டார். எனவே சத்திரசிகிச்சையில் இருவகை உண்டென்றும், நலம் தருவதை மட்டும் மேற்கொண்டு, ஆபத்தானதைப் பொருளாசைக்காகவோ புகழாசைக்காகவோ தொடக்கூடாதென்றும் தமது பிள்ளைகளுக்குக் கூறுவதுபோல் மாணவர்க்குக் கூறினார்.

புற்றுநோய் பற்றி அவர் வகுத்த நெறி, எமது இன்றைய பேச்சுக்கு நேரடியாகத் தொடர்புடையது. கறுப்புப் பித்தம் என்னும் உடல் நீரின் மிகுதியே புற்றுக்குக் காரணம் என்று அக்காலத்தவர் நம்பினர். அவரும் அவ்வாறே நம்பினார். அக்கொள்கை பிழையென இன்று அறிவோம். ஆனால் கொள்கை பிழைத்தாலும் கண் பிழைக்கவில்லை. புற்று தொடக்க நிலையில், சிறியதாக, முற்றாக அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் மட்டுமே அறுக்க வேண்டும் என்றார் அவர். அறுக்கும்போது கட்டியைக் கொக்கியால் பற்றி உயர்த்தி, அதனைச் சூழ்ந்துள்ள தோலையும் சேர்த்து, வேர் எதுவும் எஞ்சாதவாறு சுற்றிவர அகற்ற வேண்டும் என்றார். சூடு இடும்போதும் புற்றின் நடுவில் இடலாம் என்று சிலர் கூறியதை அவர் ஏற்கவில்லை. நடுவில் சுட்டால் புண்ணாகிவிடுவதைப் பலமுறை கண்டிருப்பதால், ஓரத்தைச் சுற்றியே வளையமாகச் சூடிட வேண்டும் என்பது அவரது முடிவு.

கத்தி வைத்தால் பரவிவிடும் என்று எமது பாட்டிமார் அஞ்சியதன் மூலத்தை இங்கே கண்டுகொள்ளலாம். பரவச் செய்வது கத்தி அன்று. அரைகுறையாக வெட்டி வேரை உள்ளே விட்டுவிடுவதே ஆபத்து. ஊரில் யாரோ ஒருவர் மச்சத்தைச் சுட்டதும், பாலுண்ணி என்று எண்ணி நூலால் இறுகக் கட்டியதும், அமிலம் வைத்து எரித்ததும் அஸ்ஸஹ்ராவி எச்சரித்த அந்த அரைகுறை வேலையேயாகும்.

இன்றைய சத்திரசிகிச்சை நிபுணர்களும் சுற்றிவர அகற்றுதல் என்ற அதே நெறியையே மில்லிமீற்றர் கணக்கில் பின்பற்றுகின்றனர். சிறிய, ஆபத்துக் குறைந்த அடிக்கலப் புற்றாயின் அதனைச் சூழ்ந்து ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கின்றனர். மெலனோமாவாயின் அதன் தடிப்பைப் பொறுத்து 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை எடுக்க நேரிடும். எடுத்த பகுதியை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, ஓரங்களில் புற்று எஞ்சியுள்ளதா என நோயியல் நிபுணர் அறிக்கை தருகிறார். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் மோஸ் 1930களில் உருவாக்கிய முறையில், படலம் படலமாக எடுத்து ஒவ்வொன்றையும் உடனுக்குடன் பரிசோதித்து, புற்று முடிந்த இடத்திலேயே கத்தியும் நிற்கிறது. மூக்கு, கண்ணிமை போன்ற இடங்களில் வீணாக நல்ல தோலை இழக்காமல் இருக்க இம்முறை உதவுகிறது.

இனி இரண்டாவது அச்சத்துக்கு வருவோம். அகற்றிய பின் முகம் என்னவாகும்? அஸ்ஸஹ்ராவி இதனையும் சிறிதெனக் கருதவில்லை. வெட்டுண்ட மூக்கையும் உதட்டையும் காதையும் எவ்வாறு இணைத்துத் தைப்பது என்பதற்கு அவர் தனி அத்தியாயம் எழுதினார். உட்புறம் மடிந்து கண்ணை உறுத்தும் இமையைச் சீராக்க, இமைத் தோலில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை மையால் குறித்துக்கொண்டு, இலை வடிவில் வெட்டி எடுத்துத் தைக்கும் முறையை விளக்கினார். ஆண்களுக்குப் பெண்ணைப்போல் மார்பு பெருத்து நாணமுறும் நிலை ஏற்படின் அதனைச் சீராக்கும் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டார். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு குறைக்காகவும் மனிதன் வெட்கித் தலைகுனிய வேண்டியதில்லை என்ற பரிவு அங்கே தெரிகிறது.

மூக்கையே புதிதாக அமைக்கும் கலை இந்தியாவின் கொடை. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அதன் அளவிலேயே கன்னத்துத் தோலை எடுத்துப் பொருத்தும் முறையைச் சுஸ்ருதர் கூறினார். பின்வந்தோர் நெற்றித் தோலைப் பயன்படுத்தினர். மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மூக்கை இழந்த கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு, புனேயில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் படத்துடன் வெளியாயிற்று. அதனை ஆதாரமாகக் கொண்டு ஜோசப் கார்ப்பியு என்ற ஆங்கிலேய வைத்தியர் 1814 ஒக்ரோபரில் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்து வெற்றி கண்டார்.

அதே 1814ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எமது கண்டியில் நடந்ததை வரலாறு மறக்கவில்லை. பிரித்தானியர் வசமிருந்த கரையோரத்திலிருந்து வந்த பத்து வணிகர்கள் ஒற்றர்கள் எனக் கருதப்பட்டு அங்கங்கள் அறுக்கப்பட்டனர். எழுவர் மாண்டனர், மூவர் கொழும்பை அடைந்தனர். அடுத்த ஆண்டு கண்டி இராச்சியமே வீழ்வதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் அதுவும் ஒன்று. மூக்கை அறுப்பதை ஒரு தண்டனையாக அக்கால மன்னர்கள் தேர்ந்தது ஏன்? உயிரைக் கவராமலே ஒருவனின் மானத்தைக் கவர முடியும் என்பதனாலன்றோ! அவ்வாறாயின், நோயினால் முகத்தை இழக்க நேரும் ஒருவருக்கு அதனை மீட்டுக் கொடுப்பது ஆடம்பரம் அன்று. அதுவும் சிகிச்சையின் பாதியே.

இன்று தொடையிலிருந்து எடுக்கும் மெல்லிய தோல், காலிலும் கையிலும் உள்ள பரந்த காயத்தை மூடுகிறது. காதின் பின்புறத் தோல் முகத்தின் நிறத்தோடு பொருந்துகிறது. கன்னத்துத் தோலைச் சற்றே நகர்த்தி அயலிலுள்ள பள்ளத்தை நிரப்பலாம். பெரிய மூக்குக் குறைக்கு நெற்றித் தோலையே, அதன் குருதிக்குழாயைத் துண்டிக்காமல் திருப்பி வைத்துத் தைத்து, புதிய இடத்தில் அது வேரூன்றியபின் ஏறத்தாழ மூன்று வாரங்களில் காம்பை வெட்டிவிடுகின்றனர். கவாஸ்ஜியின் மூக்கு இன்றும் உலகின் சத்திரசிகிச்சைக் கூடங்களில் உயிர்வாழ்கிறது எனலாம்.

படைத்தவன் தந்த உருவத்தில் கைவைக்கலாமா என்று தயங்குவோரும் உளர். அவர்கள் அர்பஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்களின் செய்தியை அறிந்திருக்க வேண்டும். அறியாமைக் காலப் போரொன்றில் மூக்கை இழந்த அந்த நபித்தோழர் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தார். அது துர்நாற்றம் வீசியபோது, பொன்னால் செய்து அணியுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பது அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தடைசெய்யப்பட்ட பொன்னும் முகத்தை மீட்பதற்காக அனுமதிக்கப்பட்டது. அழகுக்காக உருவை மாற்றுவது வேறு. நோய் தின்றதை மீட்பது வேறு.

அஸ்ஸஹ்ராவியைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தலுக்கும் இடங்கொடுக்கக் கூடாது. நாள்பட்டுப் பெருத்துவிட்ட புற்றை அணுகவே வேண்டாம் என்று அவர் கூறினார். அத்தகைய நோயாளி ஒருவரைக்கூடத் தம்மால் குணப்படுத்த முடியவில்லை என்றும், தமக்கு முன்னர் வேறெவரும் குணப்படுத்தியதைத் தாம் கண்டதில்லை என்றும் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். அவரது மேதைமைக்கு இருநூறு கருவிகளும் சான்று. அவரது நேர்மைக்கு இந்த ஓர் ஒப்புதலே போதும். அன்று அவரிடம் இன்றுள்ள மயக்க மருந்து இல்லை. அது 1846இல் வந்தது. கிருமியொழிப்பு முறையை லிஸ்ரர் வெளியிட்டது 1867இல். கதிர் வீச்சு, புற்றை எதிர்க்கும் மருந்துகள், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை யாவும் அதற்குப் பின்னர் வந்தவை. எனவே அவர் கைவிட்ட நிலையிலுள்ள நோயாளருள் பலருக்கு இன்று வழியுண்டு. வழியே இல்லாதவிடத்தும் வலியைத் தணிக்க மருந்துண்டு. தாமதித்து வந்தவர் இனிப் பயனில்லை என்று வீட்டிலேயே முடங்கிவிடுவதற்கு ஆயிரம் ஆண்டுப் பழமையான நூலைச் சான்றாக்கக் கூடாது.

அவரது இறுதிக் காலம் அமைதியாக அமையவில்லை. 1009இல் மூண்ட உள்நாட்டுப் போரில் குர்துபா சிதறியது. 1010இல் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. 1013ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தார். கட்டி முடித்து நூறாண்டுகூட நிலைக்காத அந்நகரின் இடிபாடுகளை யுனெஸ்கோ 2018இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எமது கண்டி 1988இலேயே அப்பட்டியலில் இடம்பெற்றது. நகர் அழிந்தது, நூல் அழியவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட், தொலேதோவில் சத்திரசிகிச்சைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். பதினான்காம் நூற்றாண்டின் பிரெஞ்சு வைத்தியர் கீ த சோலியாக் தமது நூலில் சுமார் 200 இடங்களில் அவரை ஆதாரங்காட்டினார். 1497இல் வெனிஸில் அது அச்சேறியது. நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பிய மாணவர் அல்புகாசிஸ் என்ற பெயரில் அவரைப் படித்தனர்.

இத்தகைய பெருமகன் எங்களவர் என்று மேடைகளில் முழங்குவது எளிது. முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, தாயின் கன்னத்தில் ஆறாத புண்ணைப் பார்த்தும் பாராதிருப்பதில் என்ன பொருள்? பொப் மார்லி என்ற ஜமேய்க்கப் பாடகரை அறியாத இளைஞர் இல்லை. 1977இல் அவரது கால் விரல் நகத்தின் அடியில் மெலனோமா கண்டறியப்பட்டது. விரலை அகற்றும்படி கூறிய ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. நகத்தை மட்டும் எடுத்து, தொடைத் தோலை ஒட்டினர். 1981இல், 36 வயதில், அவர் மறைந்தார். கறுப்புத் தோலும் காக்கவில்லை, புகழும் காக்கவில்லை.

எனவே நாம் செய்யவேண்டியவை சிலவே. நான்கு வாரங்களாகியும் ஆறாத புண், நிறமோ உருவமோ மாறும் மச்சம், உள்ளங்காலிலும் நகத்தடியிலும் புதிதாகத் தோன்றும் கரும்புள்ளி, மீண்டும் வெடிக்கும் பழைய தீக்காயத் தழும்பு ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் வைத்தியரிடம் காட்டுவோம். கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் எமது அயலிலேயே உள்ளன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பெண் வைத்தியர் வேண்டுமெனில் அதனைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்காகச் சிகிச்சையையே தள்ளிப்போட வேண்டாம். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் புண்ணுடன் வேலைக்கு வரும் தொழிலாளிக்குச் சம்பள இழப்பின்றி வைத்தியசாலை செல்ல ஒரு நாளைப் பெற்றுக்கொடுக்க முன்வர வேண்டும். பள்ளிவாசல் ஜும்ஆப் பிரசங்கங்களிலும் கோவில் திருவிழாக் கூட்டங்களிலும் இதுபற்றி ஐந்து நிமிடம் பேசினால், வருடாந்த விழாக்களில் வாசிக்கப்படும் பல பாராட்டுரைகளை விட அது பயனளிக்கும்.

சிறிதாயிருக்கும்போதே வா என்பதுதான் அஸ்ஸஹ்ராவி நோயாளிக்கு விட்டுச் சென்ற செய்தி. முற்றாக எடு, இயலாததை இயலாது என்று சொல் என்பது வைத்தியனுக்கு அவர் விட்டுச் சென்ற செய்தி. வைத்தியர்கள் தம் பங்கைக் கற்று வைத்திருக்கின்றனர். எஞ்சியிருப்பது எமது பங்கே.